வழி காட்டுவதும் குற்றமாகுமா?

ஊருக்குப் புதியவர் ஒருவர் பேருந்து நிலையத்தில் உங்களிடம் வந்து ஒரு கடைக்கு வழி கேட்கிறார். "நேரே போய்த் தேரடியில் வலப்பக்கம் திரும்புங்கள், மூன்றாவது கடை" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அந்தக் கடையில் திருட்டுப் பொருள் விற்கிறார்கள் என்று பிறகுதான் தெரியவருகிறது. உங்கள் மேல் குற்றம் உண்டா? "அது எப்படி? நான் வழிதானே சொன்னேன்!" என்பீர்கள். நியாயம்தான்.

சரி, அது திருட்டுக் கடை என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால்? தெரிந்தும், "மலிவாகக் கிடைக்கும், போய் வாங்குங்கள்" என்று போவோர் வருவோருக்கெல்லாம் கூவிக் கூவி வழி சொல்லியிருந்தால்? இப்போது விடை அவ்வளவு எளிதாக வரவில்லை அல்லவா?

ஏறக்குறைய இதே கேள்வி 2000ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றின் முன் வந்தது. அங்கே வழி காட்டியது வாய்ச்சொல் அன்று. இணையப் பக்கத்தில் கிடந்த இணைப்பு, அதாவது நாம் அன்றாடம் 'லிங்க்' என்று சொல்வது. அந்த வழக்கைப் புரிந்துகொள்ள மூன்று செய்திகள் தெரிய வேண்டும்: இணைப்பு எப்படி வேலை செய்கிறது, திரைப்படத் தட்டுக்குப் பூட்டு எப்படிப் போட்டார்கள், சட்டம் எதைத் தடுத்தது. ஒவ்வொன்றாகக் காண்போம்.

இணைப்பு என்பது என்ன?

ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989இல் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். பல கணிப்பொறிகளில் சிதறிக் கிடக்கும் ஆவணங்களை ஒன்றோடொன்று தொடுத்து வைப்பதே அதன் நோக்கம். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய வைய விரிவு வலை.

திரையில் கோடிட்டு நிற்கும் ஒரு சொல்லை நீங்கள் அழுத்துகிறீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு முகவரி மறைந்திருக்கிறது. உங்கள் கணிப்பொறியிலுள்ள உலாவி அந்த முகவரியைப் படித்து, அங்கே இருக்கும் வேறொரு கணிப்பொறிக்கு, "இந்தப் பக்கத்தை அனுப்பு" என்று வேண்டுகோள் விடுக்கிறது. அந்தக் கணிப்பொறி பக்கத்தின் படி ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறது. இவையெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடுகின்றன.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இணைப்பை வைத்தவரின் கணிப்பொறி வழியாக அந்தப் பக்கம் வரவே இல்லை. அவர் எதையும் படியெடுக்கவில்லை, எதையும் அனுப்பவில்லை. முகவரியை மட்டுமே எழுதி வைத்தார். ஆகவே, இணைப்பு என்பது நூலின் அடிக்குறிப்பைப் போன்றது என்று சொல்லலாம். "இன்ன நூலில் இன்ன பக்கம் காண்க" என்று அடிக்குறிப்பு சொல்கிறது. நூலை நம் கையில் கொண்டுவந்து வைப்பதில்லை.

ஆனால் ஒப்புமை முழுதும் பொருந்தவில்லை. அடிக்குறிப்பைப் படித்தவர் நூலகத்திற்கு நடக்க வேண்டும்; நூலைத் தேடி எடுக்க வேண்டும். இணைப்பை அழுத்தியவருக்கோ அந்தப் பக்கம் நொடியில் கண்முன் நிற்கிறது. இணைப்பு ஒரே நேரத்தில் செய்தியாகவும் இருக்கிறது, செயலாகவும் இருக்கிறது. பின்வரும் தகராறு முழுவதற்கும் வேர் இந்த இரட்டைத் தன்மைதான்.

தட்டுக்குள் பூட்டிய படம்

டி.வி.டி. தட்டுகள் 1996இல் ஜப்பானிலும், 1997இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்பிருந்த வீடியோ நாடாவில் படத்தைப் படியெடுத்தால் தரம் குறையும்; படிக்குப் படி எடுத்தால் இன்னும் மங்கும். டி.வி.டி.யில் படம் 0, 1 என்னும் எண்களாகப் பதிந்திருப்பதால் நூறாவது படியும் முதல் படியைப் போலவே துல்லியமாக இருக்கும். படத் தயாரிப்பாளர்கள் அஞ்சியது இதற்குத்தான். எனவே சி.எஸ்.எஸ். என்னும் மறைகுறி முறையைக் கொண்டு தட்டைப் பூட்டினார்கள்.

பூட்டின் அமைப்பு சுவையானது. படத்தின் எண்கள் ஒரு சாவியைக் கொண்டு கலைத்துப் போடப்பட்டிருக்கும். அந்தச் சாவியைத் திறக்க வேறொரு சாவி வேண்டும். அது தட்டின் சாவி. அதையும் அப்படியே வைத்துவிடவில்லை. ஒரே சாவியின் பல படிகளைப் பல சிறு பெட்டிகளில் போட்டு, ஒவ்வொரு பெட்டியையும் வெவ்வேறு பூட்டால் பூட்டித் தட்டிலேயே வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். டி.வி.டி. இயக்கி தயாரிக்கும் நிறுவனம் உரிமம் பெற்றால், அதற்குரிய பெட்டியைத் திறக்கும் சாவி அதற்குக் கிடைக்கும். உரிமம் இல்லாதவருக்குச் சாவி இல்லை. காசு கொடுத்து வாங்கிய தட்டு கையில் இருந்தாலும் படம் ஓடாது.

பூட்டு எவ்வளவு உறுதியானது? ஒரு சாவியின் நீளம் 40 பிட்டுகள். அதாவது 0, 1 ஆகியவற்றை 40 இடங்களில் மாற்றி மாற்றி எழுதினால் எத்தனை வகை வருமோ அத்தனை சாவிகள் இருக்கக்கூடும். கணக்கிட்டுப் பாருங்கள்: 2ஐ 40 முறை பெருக்கினால் ஏறத்தாழ 1,09,951 கோடி வரும். மனிதருக்கு இது மலைப்பான எண். கணிப்பொறிக்கு அப்படியன்று. மேலும், கலைத்துப் போடும் முறையிலேயே சில பலவீனங்கள் இருந்ததால் எல்லாச் சாவிகளையும் சோதிக்க வேண்டிய தேவைகூட இல்லை என்று பின்னர் வெளிப்பட்டது.

இதைவிட அடிப்படையான குறை ஒன்றும் உண்டு. படம் பார்ப்பவரின் வீட்டிலுள்ள இயக்கிக்குள்ளேயே சாவியும் இருந்தாக வேண்டும். பூட்டையும் சாவியையும் ஒருவர் கையிலேயே கொடுத்துவிட்டு, "சாவியைத் தேடாதே" என்றால் எத்தனை நாள் தாங்கும்?

1999இல் அதுதான் நடந்தது. நார்வே நாட்டைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் என்னும் 15 வயதுச் சிறுவனும், இணையத்தில் அவனுக்கு அறிமுகமான வேறு இருவரும் உரிமம் பெற்ற இயக்கி ஒன்றைப் பிரித்து ஆராய்ந்து, பூட்டின் வழிமுறையையும் சாவியையும் கண்டுபிடித்தனர். பூட்டை நீக்கும் 'டி-சி.எஸ்.எஸ்.' என்னும் சிறு நிரல் அவ்வாண்டு அக்டோபரில் இணையத்தில் வெளிவந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் டி.வி.டி. பார்க்க அப்போது உரிமம் பெற்ற மென்பொருள் இல்லை; அதை உருவாக்கவே இம்முயற்சி என்றார் யோஹான்சன். படநிறுவனங்களோ, இது திருட்டுப் படிகளுக்குக் கதவு திறந்துவிடும் கருவி என்றன.

கருவிக்கே தடை

பழைய பதிப்புரிமைச் சட்டம் படைப்பைப் படியெடுப்பவரைப் பிடித்தது. 1998 அக்டோபரில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஓர் அடி முன்னே சென்றது. படைப்பைக் காக்கும் மின்னணுப் பூட்டை உடைப்பதை அது தடுத்தது. அத்தகைய கருவியைப் பொதுமக்களுக்குக் கொடுப்பதையும் தடுத்தது. கருவியை வாங்கியவர் திருட்டுப் படி எடுத்தாரா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை; கருவியைக் கொடுத்ததே குற்றம். மறைகுறி ஆராய்ச்சி, நிரல்கள் ஒன்றோடொன்று இணங்கி இயங்கச் செய்யும் ஆய்வு போன்றவற்றிற்குச் சில விலக்குகள் உண்டு; ஆனால் அவை குறுகியவை.

'2600' என்பது நியூயார்க்கிலிருந்து 1984 முதல் வெளிவரும் காலாண்டிதழ். பெயரே ஓர் அறிவியல் செய்திதான். அமெரிக்காவின் பழைய தொலைபேசி அமைப்பில் 2600 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒலியை வாயில் ஊதினாலே நெடுந்தொலைவுத் தடங்களை வசப்படுத்தலாம் என்று குறும்புக்காரர்கள் கண்டுபிடித்திருந்தனர். கணிப்பொறி, தொலைபேசி முதலியவற்றின் உட்புறத்தைக் குடைந்து பார்ப்பவர்களுக்கான இதழ் அது. அதன் ஆசிரியர் எரிக் கார்லி.

1999 நவம்பரில் இவ்விதழின் இணையப் பக்கம் டி-சி.எஸ்.எஸ். பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. கூடவே அந்த நிரலையும் வைத்தது. 2000 ஜனவரியில் ஹாலிவுட்டின் எட்டுப் படநிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. நீதியரசர் லூயிஸ் கேப்லன் ஜனவரி 20 அன்று இடைக்காலத் தடை விதித்தார். கார்லி நிரலை எடுத்துவிட்டார். ஆனால் அதே நிரலை வைத்திருந்த மற்ற தளங்களுக்கு வரிசையாக இணைப்புகளை வைத்தார். 'மின்னணு வழியில் சட்டமறுப்பு' என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். படநிறுவனங்கள், "இணைப்பையும் தடுக்க வேண்டும்" என்றன.

நிரலைத் தடுக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். நிரல் கிடைக்கும் இடத்தைச் சொல்வதையும் தடுக்கலாமா? அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், பேச்சுரிமையையும் பத்திரிகை உரிமையையும் குறைக்கும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்கிறது. அது 1791 முதல் நிலைத்து நிற்பது.

சுவையான ஒரு செய்தி: இதே நிரலைப் பற்றிக் கலிஃபோர்னியா மாநிலத்தில் தொழில் இரகசியச் சட்டத்தின் கீழ் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அங்கே நீதியரசர் வில்லியம் எல்ஃப்விங் 2000 ஜனவரி 21 அன்று, நிரலை வெளியிடத் தடை விதித்தார். இணைப்புகளைத் தடுக்க மறுத்துவிட்டார். இணைப்புகள்தாம் இணையத்தைத் தாங்கி நிற்கின்றன. தான் இணைப்புக் கொடுத்த தளங்களில் உள்ள எல்லாவற்றிற்கும் ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது என்பது அவர் கருத்து.

நிரல் பேச்சா, கருவியா?

நியூயார்க் வழக்கில் முதலில் எழுந்த கேள்வி: கணிப்பொறி நிரல் 'பேச்சு' ஆகுமா?

"ச ரி க ம" என்று எழுதிய சுரக் குறிப்பை எல்லோராலும் பாடிவிட முடியாது. அதனால் அது எழுத்து இல்லையென்று ஆகிவிடுமா? பயின்றவருக்கு அது பொருளுள்ள செய்தி. நிரலும் அப்படியே. ஒரு நிரலாளர் மற்றொரு நிரலாளருக்குத் தம் கருத்தைத் துல்லியமாகச் சொல்ல நிரலையே எழுதிக் காட்டுகிறார். கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணிப்பொறி அறிவியலர் டேவிட் டூரெட்ஸ்கி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி இதை விளக்கினார். பூட்டு நீக்கும் அதே வழிமுறை ஆங்கில உரைநடையாகவும், கவிதையாகவும், சட்டையில் அச்சிட்ட எழுத்தாகவும் வெளிவந்தது. இவற்றையெல்லாம் திரட்டி அவர் ஒரு காட்சியகமே அமைத்தார். 2001இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இருவர் ஏழே வரிகளில் ஒரு நிரல் எழுதினர். அதே ஆண்டில் ஃபில் கார்மடி என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்ட பகா எண் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த எண்ணை இரும எண்ணாக எழுதினால், சுருக்கி வைத்த டி-சி.எஸ்.எஸ். நிரல் அதிலிருந்து கிடைக்கும்! ஓர் எண்ணைச் சொல்வது சட்டவிரோதமாகுமா என்று கணித ஆர்வலர்கள் கேட்டனர்.

நீதிமன்றம் இந்த வாதத்தின் ஒரு பாதியை ஏற்றுக்கொண்டது. நிரல் பேச்சுதான் என்றது. ஆனால் அது வெறும் பேச்சு மட்டுமன்று என்றும் சொன்னது. சமையல் குறிப்பைப் படித்தால் சோறு வெந்துவிடாது. ஒருவர் அடுப்பை மூட்டிச் சமைக்க வேண்டும். நிரலைக் கணிப்பொறியில் இட்டாலோ, இயக்குபவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் பூட்டு திறந்துகொள்ளும். சட்டம் நிரலின் கருத்தைத் தடுக்கவில்லை, அது செய்யும் வேலையைத்தான் தடுக்கிறது. ஆகவே கட்டுப்பாடு செல்லும் என்பது தீர்ப்பு.

மூன்று கட்டளைகள்

2000 ஆகஸ்டு 17 அன்று நீதியரசர் கேப்லன் இணைப்புக்கும் தடை விதித்தார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விதிக்கவில்லை. சட்டவிரோதப் பொருளுக்குத் தெரியாமல் இணைப்புக் கொடுத்தவரையும் தண்டித்தால் யாரும் எதற்கும் இணைப்புக் கொடுக்கவே அஞ்சுவார்கள் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே மூன்று செய்திகள் தெளிவான, ஐயமகற்றும் சான்றுகளால் நிறுவப்பட வேண்டும் என்றார்.

ஒன்று, அந்தக் காலத்தில் அந்தப் பொருள் அந்தத் தளத்தில் இருக்கிறது என்பது இணைப்பு வைத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, அது சட்டப்படி வழங்கக் கூடாத பொருள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று, அதைப் பரப்பும் நோக்கத்தோடுதான் அவர் இணைப்பை வைத்திருக்க வேண்டும்.

முதல் கட்டளையிலுள்ள 'அந்தக் காலத்தில்' என்னும் சொல் முக்கியமானது. இணைப்பு ஒரு முகவரி மட்டுமே. இன்று அந்த முகவரியில் நல்ல பாடம் இருக்கலாம்; நாளை அதன் உரிமையாளர் அதை எடுத்துவிட்டு வேறெதையோ வைக்கலாம். இணைப்பு மாறாது, பொருள் மாறிவிடும். அதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்?

கார்லி மேல்முறையீடு செய்தார். ஸ்டான்ஃபோர்டு சட்டக் கல்லூரித் தலைவர் கேத்லீன் சல்லிவன் அவருக்காக வாதாடினார். ஒழுக்கக்கேடான நூல்களை விற்கும் கடையின் முகவரியை ஒரு செய்தித்தாள் வெளியிட்டால் அதைத் தடுக்க முடியுமா? முடியாதென்றால் இணைப்பை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்? இந்த ஒப்புமையை நீதிமன்றம் நேரடியாக எடுத்துக்கொண்டு விடை சொன்னது. கடையாக இருந்தால், நூல்கள் பரவுமுன் கடைக்காரரையே தடுத்துவிடலாம். முகவரியை அச்சிட்டவரைத் தொட வேண்டியதில்லை. இணைய உலகிலோ, தடுக்க ஓடுவதற்குள் அந்தப் பொருள் உலகெங்கும் பரவிவிடும். இணைப்பு முகவரியைச் சொல்கிறது; அது பேச்சு. பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவருகிறது, அது செயல். செயலைக் கட்டுப்படுத்தலாம் என்று கூறி, நீதியரசர் ஜான் நியூமன் எழுதிய 2001 நவம்பர் 28 தீர்ப்பு கீழ் நீதிமன்றத் தடையை உறுதிசெய்தது.

திறனாய்வுக்கும் கல்விக்கும் படத்தின் ஒரு பகுதியை எடுத்தாளும் நியாயமான உரிமை என்ன ஆகும் என்ற வாதமும் எழுந்தது. அதற்கு, தொலைக்காட்சித் திரைக்கு முன் ஒளிப்படக் கருவியை வைத்துப் படம்பிடித்துக்கொள்ளலாமே, விரும்பிய முறையில்தான் எடுப்பேன் என்று உரிமை கோர முடியாது என்றது நீதிமன்றம். 2002இல் கார்லி உச்ச நீதிமன்றத்திற்குச் செல்வதில்லை என்று முடிவு செய்தார். வழக்கு அத்துடன் முடிந்தது.

மற்ற நாடுகள் சொன்னது

நார்வேயில் யோஹான்சன் மீது தொடுத்த குற்ற வழக்கு வேறு வகையில் முடிந்தது. தம் காசில் வாங்கிய தட்டைத் தாம் திறந்து பார்ப்பது குற்றமாகாது என்று 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மேல்முறையீட்டிலும் அவ்வாண்டு டிசம்பரில் விடுதலையே கிடைத்தது. கலிஃபோர்னியாவில், உலகெங்கும் பரவிவிட்ட ஒன்றை இனி இரகசியம் என்று சொல்ல இயலாது என்று 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014இல், ஸ்வென்சன் வழக்கில், உரிமையாளரே எல்லோரும் காணும்படி இணையத்தில் வைத்த கட்டுரைக்கு இணைப்புக் கொடுக்க அனுமதி தேவையில்லை என்றது. கட்டுரையைக் காண வந்தவர்கள் புதிய கூட்டம் அல்லர். முன்பே அது எல்லோருக்கும் திறந்திருந்ததுதானே என்பது காரணம். ஆனால் 2016இல் ஜி.எஸ். மீடியா வழக்கில், உரிமையின்றி வெளியான ஒளிப்படங்களுக்கு இணைப்புக் கொடுத்த தளத்தைப் பற்றிப் பேசும்போது, இலாப நோக்கில் இணைப்பு வைப்பவர் அது உரிமையில்லாப் பொருள் என்பதை அறிந்தே வைத்தார் என்று கொள்ளலாம். இல்லையென்று மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு என்றது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2011இல் அவதூறு வழக்கு ஒன்றில், இணைப்பு வெறும் மேற்கோள் குறிப்பு போன்றது. அவதூறான பக்கத்திற்கு இணைப்புக் கொடுத்ததாலேயே அவதூறை வெளியிட்டதாக ஆகாது என்று தீர்ப்பளித்தது.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது மின்னணுப் பூட்டைப் பற்றிய 65ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பதிப்புரிமையை மீறும் எண்ணத்துடன் பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அமெரிக்கச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே 'எண்ணம்' என்பது மையமாக நிற்பதைக் காணலாம். மின்னணு இணைப்புகளைத் தருவதற்காகத் தற்காலிகமாகப் படைப்பைச் சேமிப்பதையும் இச்சட்டம், உரிமையாளர் வெளிப்படையாகத் தடுத்திராவிட்டால், மீறலாகக் கருதுவதில்லை. மீறல் படி என்று தெரிந்தே வைத்தவருக்கு அந்தக் காப்பு இல்லை.

நமக்கு என்ன?

இத்தனை நாட்டுத் தீர்ப்புகளையும் அடுக்கிப் பார்த்தால் ஒரு பொதுச் சரடு தெரிகிறது. வழி காட்டிய செயலை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. காட்டியவர் என்ன அறிந்திருந்தார், எதற்காகக் காட்டினார் என்றே பெரும்பாலும் கேட்டார்கள். தொடக்கத்தில் நாம் பேருந்து நிலையத்தில் கேட்டுக்கொண்ட கேள்விகளும் அவைதாமே!

இருந்தாலும் மனம் முழுதும் அமைதி அடையவில்லை. எண்ணிப் பாருங்கள். ஒரு செய்தியாளர் இந்தத் தகராறைப் பற்றி எழுதுகிறார். 'அந்த நிரல் எது?' என்று வாசகர் கேட்டால், அவர் சுட்டிக் காட்டலாமா? பூட்டின் பலவீனத்தை ஆராயும் மாணவர் தம் கட்டுரையில் அதற்கு இணைப்புக் கொடுக்கலாமா? அவர்களின் 'நோக்கம்' நல்லது என்று நாம் சொல்லிவிடலாம்; ஆனால் நோக்கத்தை நீதிமன்றத்தில் நிறுவப் பணமும் காலமும் வேண்டும். வழக்கில் வெல்வோம் என்று தெரிந்தும், வழக்கே வேண்டாம் என்று வாய் மூடிக்கொள்பவர்கள் எத்தனை பேர்! சட்டப் புத்தகத்தில் இதற்குத் தண்டனை என்று பெயரில்லை. ஆனால் பேச்சு குறைந்துபோவது உண்மை.

மறுபக்கமும் உண்டு. ஒரு படத்திற்கோ நூலுக்கோ பல பேரின் உழைப்பு செல்கிறது. வெளியான மறுநாளே திருட்டுப் படிக்கு ஆயிரம் இணைப்புகள் முளைத்தால் அவர்கள் பிழைப்பு என்ன ஆகும்? 'நான் முகவரிதானே சொன்னேன்' என்பது அப்போது நேர்மையான விடையாகத் தோன்றுவதில்லை.

ஆகவே அடுத்த முறை நண்பர்களுக்கு ஓர் இணைப்பை அனுப்பும்போது இரண்டு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேனா? எதற்காக இதை அனுப்புகிறேன்? இவ்விரண்டிற்கும் வெளிப்படையாக விடை சொல்ல முடிந்தால் தயங்காமல் அனுப்புங்கள். ஒருவர் கண்டதை மற்றவருக்குக் காட்டுவதால்தான் அறிவு பரவுகிறது; அந்த வழி அடைபடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பே.